35 கோடி மெயில், 28 வியாபாரம்

சைத்ர மாதக் கடைசியில் கரியாஹாட் முக்கில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வங்காளப் புத்தாண்டு பிறப்பதற்குள் பழைய சரக்கைத் தள்ளிவிட வேண்டும் என்று பிளாட்பாரம் முழுக்கக் கூவிக்கொண்டிருப்பார்கள். நைட்டி, பெட்ஷீட், கர்ட்டன் துணி, பிள்ளைகளின் பனியன்... எல்லாமே சேல்தான். ராத்திரி ஒன்பது மணிக்குப் போனால் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். நூறு பேர் காதில் விழுந்தால் பத்துப் பேர் நிற்பார்கள், ரெண்டு பேர் வாங்குவார்கள். அந்தக் கணக்கு கட்டுபடியாவதால்தான் மறுநாளும் கடை போடுகிறார்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. 2008-இல் அமெரிக்காவில் சான் டியேகோ, பெர்க்லி பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள், குப்பை மெயில் அனுப்பும் ஒரு கும்பலின் வலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். 26 நாளில் அவர்கள் கண்முன்னே போன மெயில்கள் சுமார் 35 கோடி. அதைப் பார்த்து, மருந்து வாங்குகிறேன் என்று கடைசி பட்டன் வரைக்கும் வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 28. ஒவ்வொருவரும் வாங்க நினைத்தது ஏறக்குறைய நூறு டாலர் சரக்கு. (ஆராய்ச்சியாளர்கள் போட்டது டம்மிக் கடை. யாரிடமும் காசு வாங்கவில்லை.)

ஒண்ணேகால் கோடி மெயிலுக்கு ஒரு வியாபாரம்! கரியாஹாட் துணிக்காரரிடம் சொன்னால் வாயில் இருக்கும் பானைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். ஆனால் இந்த வியாபாரம் வருஷக்கணக்காக அமோகமாக நடந்தது. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக அடுத்தவர் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு இதில் ஒரே கேள்விதான் எழும். இவ்வளவு கூவினால் செலவு ஆகியிருக்குமே, அது யார் கணக்கில் எழுதப்பட்டது?

ஆரம்பத்தில் அவரவர் கணக்கில்தான். 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் விற்பனை ஆள் கேரி தர்க், அன்றைய அர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்குத் தன் கம்பெனி கணினிக்கு விளம்பரம் அனுப்பினார். திட்டு விழுந்தது. முதல் ஸ்பாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வக்கீல் தம்பதி ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினார்கள். என்ன விளம்பரம்? கிரீன் கார்டு லாட்டரிக்கு மனு எழுதித் தருகிறோம் என்று! ஊரை விட்டுப் போய்ப் பிழைக்க நினைப்பவனின் ஆசையை வைத்துத்தான் இந்தத் தொழில் பெரிய அளவில் தொடங்கியது என்பதை நம்மைப் போன்றவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பிறகு எதிர்ப்பு வந்தது. எந்த சர்வரிலிருந்து குப்பை வருகிறதோ அதன் முகவரியைக் கறுப்புப் பட்டியலில் போட்டுத் தடுக்க ஆரம்பித்தார்கள். 1998-இல் ஸ்பாம்ஹாஸ் அமைப்பு வந்தது. ஒரே இடத்தில் நின்று கூவினால் போலீஸ் வந்து கடையைத் தூக்கிவிடும் என்ற நிலைமை. அப்போது கூவுகிறவனுக்கு என்ன வேண்டும்? ஆயிரம் தெருவில் ஆயிரம் வீட்டு ஜன்னல். எந்த வீட்டைத் தடுப்பது என்று யாருக்கும் தெரியக் கூடாது. வீட்டுக்காரனுக்கும் தெரியக் கூடாது. 2003-இல் பரவிய சோபிக் வைரஸ் அந்த வழியைத் திறந்துவிட்டது. அது நுழைந்த வீட்டுக் கணினி, யாரோ ஒருவர் மெயிலை வாங்கி வேறு யாருக்கோ தள்ளிவிடும் தபால் பெட்டியாக மாறிவிடும்.

இப்படிக் கடத்தப்பட்ட கணினிகளின் கூட்டத்துக்குத்தான் பாட்நெட் என்று பெயர். வேலை செய்யும் விதம் ரொம்ப சிம்பிள். உள்ளே புகுந்த புரோகிராம், பொட்டியை ஆன் செய்ததும் சத்தமில்லாமல் ஒரு சாட் ரூமுக்குப் போய் உட்காரும். அங்கே இதே மாதிரி பத்தாயிரம் பொட்டிகள் கைகட்டி உட்கார்ந்திருக்கும். எங்கிருந்தோ ஒரு பையன் ஒரு வரி டைப் அடிப்பான். பத்தாயிரமும் எழுந்து வேலையைத் தொடங்கும். மின்சாரம் உங்களுடையது, இன்டர்நெட் பில் உங்களுடையது, முகவரியும் உங்களுடையது. செலவு எந்தக் கணக்கு என்று இப்போது புரிகிறதா?

பையன் என்று சும்மா சொல்லவில்லை. பிடிபட்டவர்களில் பலர் நிஜமாகவே பையன்கள்.

ஜெர்மனியில் வாஃபன்சன் என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ஸ்வென் யாஷன் என்ற பள்ளி மாணவன், 2004 தொடக்கத்தில் நெட்ஸ்கை என்ற புழுவை எழுதினான். மைடூம், பேகிள் என்று வேறு ரெண்டு புழுக்கள் அப்போது கணினிகளைக் கடத்திக்கொண்டிருந்தன. அவற்றைத் துரத்திவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்வதுதான் நெட்ஸ்கையின் வேலை. புழுக்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் திட்டும் வாசகங்களை எழுதி வைத்துச் சண்டை போட்டார்கள். குழாயடிச் சண்டைதான், நடந்த இடம் நம் வீட்டு ஹாலில். ஏப்ரல் 29-ஆம் தேதி யாஷனுக்கு 18 வயது முடிந்தது. அதை ஒட்டி சாஸர் புழுவை வெளியே விட்டான். டெல்டா ஏர்லைன்ஸ் விமானங்களை ரத்து செய்தது. பின்லாந்தில் சாம்போ வங்கி முன்னெச்சரிக்கையாக 130 கிளைகளை மூடியது. ஒரு கிளையில் அரை மணி நேரம் சிஸ்டம் படுத்தாலே கவுன்டரில் என்ன நடக்கும் என்று தெரிந்தவன் நான், 130-ஐ நினைத்துப் பார்க்கவே வயிற்றைக் கலக்குகிறது. இத்தனைக்கும் சாஸர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஏப்ரல் 13-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது.

யாஷனுக்கு இதில் கிடைத்த காசு சைபர். காட்டிக்கொடுத்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பரிசு 2,50,000 டாலர். செய்தபோது மைனர் என்பதால் 2005 ஜூலையில் 21 மாதம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, 30 மணி நேர சமூக சேவை. அதற்கு முன்பே ஒரு ஜெர்மன் பாதுகாப்புக் கம்பெனி அவனை வேலைக்கு எடுத்துவிட்டது வேறு கதை.

காசு பார்த்த பையன் ஜீன்சன் ஆன்ச்செட்டா. கலிபோர்னியாவில் டௌனி என்ற ஊர். ஸ்கூலைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவன். 2004-இல், 19 வயதில், கடத்திய பொட்டிகளை வாடகைக்கு விட ஆரம்பித்தான். கடைக்காரன் மாதிரி சாட் ரூமில் விலைப்பட்டியல் ஒட்டி, எத்தனை பொட்டி வேண்டும், ஸ்பாமுக்கா அல்லது யாருடைய சைட்டையாவது முடக்கவா என்று கேட்டு சப்ளை செய்தான். அந்த வாடகையில் கிடைத்தது ஏறக்குறைய 3,000 டாலர்தான். பெரிய வருமானம் வேறு வழியில் வந்தது. அந்தப் பொட்டிகளில் விளம்பர மென்பொருளைத் திருட்டுத்தனமாக நிறுவி, நிறுவியதற்குத் தலைக்கு இவ்வளவு என்று விளம்பரக் கம்பெனிகளிடம் கமிஷன் வாங்கினான். இன்னொரு கூட்டாளியோடு சேர்த்து 1,07,000 டாலருக்கு மேல். கைவசம் இருந்த கணினிகள் 4 லட்சத்துக்கு மேல்.

வகுத்துப் பாருங்கள். ஒரு பொட்டிக்கு 27 சென்ட். அன்றைய மதிப்பில் சுமார் 12 ரூபாய். 12 ரூபாய்க்கு ஒரு குடும்பத்தின் கணினி, அதிலிருக்கும் போட்டோ, பாஸ்வேர்டு, பையனின் ஸ்கூல் ப்ராஜெக்ட் எல்லாம் கைமாறுகிறது! அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் தளத்துக் கணினிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. 2006 மே மாதம் 57 மாதச் சிறை. 60,000 டாலருக்கு மேல் ரொக்கமும் ஒரு பி.எம்.டபிள்யூ. காரும் பறிமுதல்.

நியூசிலாந்தில் வேறு மாதிரி முடிந்தது. பிட்டியாங்கா என்ற கடலோர ஊரைச் சேர்ந்த ஓவன் வாக்கர், நெட்டில் வைத்துக்கொண்ட பெயர் அகில். (பேப்பரில் முதலில் பார்த்தபோது நம்மூர்ப் பையனோ என்று பகீரென்றது. கொலை என்ற பொருளில் அவன் சேர்த்த எழுத்துகள் அவை :-)) 18 வயதில், 2007 நவம்பரில் மாட்டினான். 13 லட்சம் கணினிகளைப் பாதித்த வலையில் அவனுக்குப் பங்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டான். 2008 ஜூலையில் ஹாமில்டன் ஹைகோர்ட் 14,000 டாலருக்கு மேல் நஷ்டஈடும் செலவும் கட்டச் சொல்லி, குற்றவாளி என்ற முத்திரை குத்தாமலே அனுப்பிவிட்டது. டவுனிக்காரனுக்கு 57 மாதம், இவனுக்கு ஒரு நாளும் இல்லை. எது சரி என்று என்னைக் கேட்டால், நியூசிலாந்து நீதிபதி பக்கம்தான் சாய்வேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சரி, இதில் நாம் எங்கே வருகிறோம்?

2012 ஏப்ரலில் சோஃபோஸ் நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அந்த வருஷம் ஜனவரி முதல் மார்ச் வரை உலகில் அதிக ஸ்பாம் எந்த நாட்டுக் கணினிகளிலிருந்து போனது என்று. முதலிடம் இந்தியா, 9.3 சதவீதம். அமெரிக்காவுக்கே 8.3-தான். ஒலிம்பிக்கில் கிடைக்காத இடம்! இந்தியர்கள் உட்கார்ந்து ஸ்பாம் எழுதினார்கள் என்று அர்த்தமில்லை. எழுதியவன் எங்கோ இருந்தான். கூவியது நம் பொட்டி.

எப்படி வந்தது இந்த முதலிடம்? 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. 500 ரூபாய்க்கு 256 கே.பி.பி.எஸ். அதற்கு முன்னால் டயல் செய்து, கீச்சுகீச்சென்று சத்தம் கேட்டு, அரை மணியில் கட் செய்துவிடுவோம். ஊடுருவியவனுக்கும் அந்த அரை மணிதான் வாய்ப்பு. பிராட்பேண்டோ நாள் முழுக்கத் திறந்த கதவு. பொட்டி எங்கே வாங்கினோம்? இங்கே கொல்கத்தாவில் சாந்தினி சௌக், சென்னையில் ரிச்சி தெரு. அசெம்பிள் செய்து தருகிற பையன் கூடவே விண்டோஸ் எக்ஸ்.பி.யையும் இலவசமாக ஏற்றித் தருவான். அந்த சி.டி.யின் மேல் மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கும். போகும்போது மறக்காமல் ஒரு அறிவுரையும் சொல்வான், "அப்டேட்டை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க". ஆன் செய்தால், இது அசல் பிரதி இல்லை என்று திரையில் மூலையில் செய்தி வந்து நிற்கும், மானம் போகும். ஆக, ஓட்டை அடைக்கிற சிமென்ட் தினமும் வாசலுக்கு இலவசமாக வந்தது, நாம் கதவைச் சாத்திக்கொண்டோம். மீதியைப் பென் டிரைவ் பார்த்துக்கொண்டது. பிரவுசிங் சென்டரில் ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுக்கப் போனால் டிக்கெட்டோடு வைரஸும் வீட்டுக்கு வரும். 2007-இல் ஆர்குட் தடை செய்யப்பட்டுவிட்டது என்று ஒரு பெட்டி திரையில் குதித்ததே, நினைவிருக்கிறதா? அதுவும் பென் டிரைவ் வழியாக வந்த விருந்தாளிதான்.

எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டு வங்காளிப் பெரியவர் ஒருவர். ஒரு மாசம் இன்டர்நெட் பில் மூணு மடங்கு வந்துவிட்டது. அப்போதெல்லாம் மாசத்துக்கு இவ்வளவு எம்.பி. என்று அளவு உண்டு, அனுப்புவதும் அதில் சேர்த்தி. பெரியவர் பேரனைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி முழுக்கப் படம் இறக்குகிறான் என்று பூஜைக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன துணியையே நிறுத்திவிட்டார். பையன் அழுதே விட்டான். ரெண்டு வாரம் கழித்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் தூங்கும்போதும் பொட்டி எதையோ வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்றான். சி ட்ரைவை அழித்து மறுபடி ஏற்றினார்கள். பேரனுக்குத் துணி கிடைத்தது, மன்னிப்பு கேட்டதாகத் தெரியவில்லை. தாத்தாக்கள் எந்த பாஷையிலும் தாத்தாக்கள்தானே.

சட்டம் என்ன செய்தது? 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வைரஸ் புகுத்துவதற்கு 43-ஆம் பிரிவு இருந்தது. ஸ்பாமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2009-இல் நடைமுறைக்கு வந்த 66ஏ பிரிவின் கடைசி உட்பிரிவு, அனுப்பியவர் யார் என்று ஏமாற்றித் தொல்லை தரும் மெயில்களைப் பற்றிப் பேசியது. அதுதான் ஸ்பாமுக்கு மிக அருகில் வந்த வாசகம். அந்த 66ஏ எதற்குப் பயன்பட்டது என்று கொல்கத்தாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியா ஸ்பாமில் முதலிடம் பிடித்த செய்தி வந்த அதே 2012 ஏப்ரலில், கரியாஹாட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். முதல்வரைக் கிண்டல் செய்த ஒரு கேலிச்சித்திரத்தைத் தன் குடியிருப்பு ஆட்களுக்கு மெயிலில் ஃபார்வர்டு செய்தார் என்பதற்காக. லட்சக்கணக்கான பொட்டிகள் கோடிக்கணக்கில் குப்பை அனுப்பியபோது பிடிபட்டவர், ஒரு மெயிலை ஃபார்வர்டு செய்தவர்! 66ஏ-வை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. பேராசிரியர் வழக்கிலிருந்து விடுபட்டது 2023 ஜனவரியில். கடத்தப்பட்ட பொட்டிகளைச் சுத்தம் செய்ய மத்திய அரசு சைபர் ஸ்வச்தா கேந்திரா தொடங்கியது 2017 பிப்ரவரியில்தான்.

கும்பலை முறிக்க மூணு வழிகளில் முயன்றார்கள். பையன்களைப் பிடிப்பது ஒன்று. பிடிக்கப் பிடிக்க வேறு பையன் வந்தான். ரெண்டாவது, கட்டளை கொடுக்கும் சர்வர்களை அறுப்பது. கலிபோர்னியாவில் மெக்கோலோ என்ற கம்பெனியில்தான் பெரிய பாட்நெட்டுகளின் மூளை இருந்தது. (அதை ஆரம்பித்தவனும் 19 வயது ரஷ்ய மாணவன்தான். 2007-இல் மாஸ்கோவில் கார் விபத்தில் செத்துப்போனான்.) 2008 நவம்பர் 11 அன்று அதன் இணைப்பைத் துண்டித்தார்கள். ஒரே ராத்திரியில் உலக ஸ்பாம் மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது. சில மாதத்தில் பழையபடி எழுந்துவிட்டது.

மூணாவது வழிதான் என் தொழில் சம்பந்தப்பட்டது. அதே சான் டியேகோ ஆட்கள் 2011-இல் ஒரு காரியம் செய்தார்கள். ஸ்பாமில் வந்த கடைகளில் நூற்றுக்கும் மேல் ஆர்டர் போட்டு, மாத்திரை, போலி வாட்ச், மென்பொருள் என்று நிஜமாகவே கார்டில் வாங்கினார்கள். வாங்கிவிட்டு, பணம் எந்த வங்கிக்குப் போய்ச் சேர்கிறது என்று பார்த்தார்கள். கார்டில் காசு கொடுத்தால் அதை வசூலித்துக் கொடுக்க வியாபாரிக்கும் ஒரு வங்கி வேண்டுமே. கோடிக்கணக்கான மெயில், லட்சக்கணக்கான பொட்டி, ஆயிரக்கணக்கான சைட். எல்லாம் வடிகட்டிக் கடைசியில் 95 சதவீதத்துக்கு மேல் போய் விழுந்த வங்கிகள் எத்தனை? மூன்றே மூன்று. ஒன்று அஜர்பைஜானில், ஒன்று ஐரோப்பாவில், ஒன்று மேற்கிந்தியத் தீவுகளில்.

இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. பொட்டி ஆயிரம் கிடைக்கும், பையன் நூறு கிடைப்பான், வியாபாரிக் கணக்கு திறந்து தரும் வங்கி சுலபத்தில் கிடைக்காது. அந்த ஃபாரத்தில் எங்களைப் போல ஒரு ஆபீசர்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். என்ன வியாபாரம் என்ற கட்டத்தில் ஏதோ எழுதியிருக்கும், அவரும் படித்திருப்பார். பிறகு கார்டு நிறுவனங்களும் மருந்து, மென்பொருள் கம்பெனிகளும் அந்தக் கணக்குகளைக் குறிவைத்துப் புகார் கொடுத்து மூட வைத்தபோது, மருந்து ஸ்பாம் கும்பல்கள் திணறிப் போயின. அதில் கைவிலங்கு எதுவும் தேவைப்படவில்லை. ஜெயிலில் இருந்த டவுனிப் பையன் சம்பாதித்தது பொட்டிக்கு 27 சென்ட். நியூசிலாந்து நீதிபதி பக்கம் நான் சாய்வது இதனால்தான்.

பெரியவர்கள் மாட்டவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்பாம் ராஜா என்று பெயர் வாங்கிய ஆலன் ரால்ஸ்கி, மட்டமான சீனப் பங்குகளை மெயிலில் ஏற்றிவிட்டு விற்ற வழக்கில் 2009-இல் 51 மாதம் உள்ளே போனார். அப்போது வயது 64. நம் ஊர்ப் பெயரும் இந்தப் பங்கு மோசடிச் சரித்திரத்தில் உண்டு. 2006-இல் அமெரிக்கர்களின் ஆன்லைன் பங்கு வர்த்தகக் கணக்குகளைக் கடத்தி, அவர்கள் காசிலேயே பங்கு விலையை ஏற்றி லாபம் பார்த்த வழக்கில், சென்னைக்காரர் ஜெய்சங்கர் மாரிமுத்து ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு 2010-இல் 81 மாதத் தண்டனை பெற்றார். அங்கே மெயிலும் தேவைப்படவில்லை, பொட்டியும் தேவைப்படவில்லை. பாஸ்வேர்டு போதுமாக இருந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பாரஸ் ஜா பெயரைக் கேட்டிருப்பீர்கள். நியூ ஜெர்சி, இந்திய வம்சாவளி, ரட்கர்ஸ் மாணவன். படித்த பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கையே 2014-இலிருந்து முடக்கி விளையாடியவன். ரெண்டு நண்பர்களோடு 2016-இல் மிராய் என்ற பாட்நெட்டை உருவாக்கினான். இந்தத் தடவை கடத்தியது பொட்டி அல்ல, வீட்டு கேமராவும் ரௌட்டரும். மூன்று பேருக்கும் வயது இருபதை ஒட்டி. பிறகு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கருவிகளை வைத்து விளம்பரங்களைப் பொய்யாகக் கிளிக் செய்து காசு பார்த்தார்கள். ஜெயில் இல்லை. எஃப்.பி.ஐ.யோடு சேர்ந்து 2,500 மணி நேர சேவை, பிறகு ரட்கர்ஸ் வழக்கில் ஆறு மாத வீட்டுக் காவலும் 86 லட்சம் டாலர் நஷ்டஈடும். அந்தத் தொகையை ஒரு இளைஞன் எத்தனை வருஷத்தில் கட்டி முடிப்பான் என்று ஈ.எம்.ஐ. போட்டுப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

இப்போது பையன்களுக்கு கோடு எழுதத் தெரிய வேண்டும் என்ற அவசியம்கூடப் போய்விட்டது. கடத்தப்படும் பொருள் சேவிங்ஸ் அக்கவுன்ட். மோசடிப் பணம் வந்து நின்று போக ஒரு இடம் வேண்டும் அல்லவா? காலேஜ் பையனிடம் சில ஆயிரம் கொடுத்து அவன் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். மியூல் அக்கவுன்ட் என்பார்கள். அதாவது கழுதைக் கணக்கு. மூட்டை யாருடையது என்று கழுதைக்குத் தெரியாது, போலீஸ் வரும்போது கழுதை மட்டும் நிற்கும். இவற்றைக் கண்டுபிடிக்கவே ரிசர்வ் வங்கியின் கிளை அமைப்பு மியூல்ஹன்டர் என்ற மென்பொருளைத் தயாரித்து, 2024 டிசம்பரில் வங்கிகளிடம் பயன்படுத்தச் சொன்னார்கள்.

மென்பொருள் வருவதற்கு முன்பும் பின்பும் கவுன்டரில் நாங்கள் பார்ப்பது ரெண்டு விஷயம்தான். வெளியூரிலிருந்து படிக்க வந்த பையன் புதுக் கணக்கு திறக்க வருகிறான். ஃபாரத்தில் போன் நம்பர் எழுதும்போது கையில் இருக்கும் சீட்டைப் பார்த்து எழுதுகிறானா? கண்ணாடிக் கதவுக்கு வெளியே பைக்கில் யாராவது காத்துக்கொண்டிருக்கிறார்களா? ரெண்டும் இருந்தால் ஃபாரத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, உட்கார வைத்து, சாப்பிட்டாயா, எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை என்று விசாரிக்க ஆரம்பிப்பேன். பத்து நிமிஷத்தில் வெளியே இருக்கும் பைக் கிளம்பிவிடும்.